வெடிக்கு முன் மூன்று மணி நேரம்

எழுபத்திரண்டு துளைகள் போட்டாயிற்று.
ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு நான்கு மடங்கு.
மருந்து கெட்டிக்க வேண்டியதுதான் பாக்கி.
அப்போது வேய் வந்து சொன்னான்:
மேலே ஒரு பெண் இருக்கிறாள், செடி எடுக்கிறாள்.
இறங்கும்வரை பொறு.

எனக்கு நாள்கூலி இல்லை, துளைக்கூலி.
பொறுத்த நேரத்துக்கு யார் தருவார்?
பொறுத்தேன்.

குவாங்ஷியின் இந்த மூலையில்
மலைகள் தொடராக நிற்பதில்லை.
வயலில் யாரோ தவறவிட்ட பொருள்களைப் போல
தனித்தனியாகக் கிடக்கின்றன.
நடுவில் நெல், கரும்பு, ஒரு பேருந்து நிறுத்தம்.

ஓயாங் இறங்கி வந்தபோது முட்டியில் ரத்தம்.
ஈரச் செய்தித்தாளுக்குள்ளிருந்து ஓர் இலையை எடுத்தாள்.
விளிம்பு நெடுக வெள்ளைப் புள்ளிகள்;
பூச்சி முட்டை என்று நினைத்தேன்.
சுண்ணாம்பு, என்றாள். வேர் குடித்ததில் மிஞ்சியதை
இலை வெளியே கக்கிவிடுகிறதாம்.
நானும் இருமினால் அதுதான் வருகிறது. சொல்லவில்லை.

பூ ஊதா. தொண்டையில் மட்டும் இரண்டு மஞ்சள் கோடு.
"அதோ, அந்த மலையில்"
கரும்புக்கு அப்பால் கைகாட்டினாள்
"இதே குடும்பம்தான். ஆனால் பூ வெள்ளை, தண்டில் மயிர் இல்லை.
இதன் மகரந்தத்தை அதில் வைத்துப் பார்த்தேன்.
காய் பிடிக்கிறது. விதையெல்லாம் சொத்தை."

அந்த மலைக்கு ஒரு சிகரெட் முடிவதற்குள் நடந்துவிடலாம்.
செடியால் முடியாது என்றாள்.
விதை தூசியைவிடச் சிறிது. காற்று எட்டாத குகைவாயில்
சொட்டும் நீரோடு சொட்டி
தாய்க்கு ஒரு சாண் கீழேயே முளைத்துக்கொள்ளும்.
வயலின் செம்மண் அதற்குப் புளிப்பு.
பூவுக்கு வரும் சின்னத் தேனீக்கு வெயில் ஆகாது.
ஆக, நாங்கள் நாற்று நடும் இந்த இடம்
அதற்குக் கடல்.
(கடல் என்றால் கல்லுக்கும் தெரியும்.
என் துளைத்தூளில் சங்குத் துண்டுகள் வரும்.)

பிரிந்து எவ்வளவு காலம் இருக்கும்?
அவள் லட்சங்களில் சொன்னாள்.
எனக்குப் பதினொரு வருடக் கணக்குதான் தெரியும்.
தா-பெய் அந்த மலையடி ஊரிலிருந்து வந்தவள்.
மூடுபனி என்று சொல்ல என் ஊரில் குரல் ஏறும்,
அவள் ஊரில் இறங்கும்.
இன்றைக்கும் இறக்கித்தான் சொல்கிறாள்.
எங்கள் மகன் இரண்டுக்கும் நடுவில் எதையோ சொல்கிறான்,
பள்ளியில் சிரிக்கிறார்கள்.

அவள் பையில் ஆறு செடி.
மேலே இன்னும் எத்தனை என்றேன்.
நாற்பது இருக்கலாம், கயிறு எட்டவில்லை.
பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இதற்கு உங்கள் பேச்சில் என்ன பேர்?"

பத்தொன்பது வயதிலிருந்து இந்த மலைகளைத் துளைக்கிறேன்.
இந்தச் செடியை ஒருநாளும் பார்த்ததில்லை.
தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
"கல்லுக்காது" என்றேன்.
இரண்டு முறை சொல்லச் சொல்லி
ஒலியைச் சரிபார்த்து எழுதிக்கொண்டாள்.
ஜீப் போனது.

எழுபத்திரண்டிலும் மருந்து நிரப்பினேன்.
சங்கு ஊதியது.
யாரோ தூக்கிப் பிடித்தது போல மலை ஒரு கணம் நின்று
உட்கார்ந்தது.

இரவு, தலையில் வெள்ளையைக் கழுவாமலே
தா-பெய்யிடம் கேட்டேன்:
உங்கள் மலையில், குகைவாயில், வெள்ளைப் பூ,
இலை ஓரத்தில் புள்ளி. அதற்குப் பேர் உண்டா?
கீரையைக் கிளறுவதை நிறுத்தாமல் சொன்னாள்:
"கன்றுநாக்கு."
அவ்வளவு வேகமாக.
இப்போதுதான் உண்டாக்கினாளா, எப்போதும் இருந்ததா,
கேட்கவில்லை.
கடைசி அசையில் குரலை இறக்கினாள்.

அடுத்த மாதம் எந்திரத்தை அந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.